கேரட் கடித்தவரும் வேட்டி கட்டியவரும்

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தமது இறுதிக் காலத்தைக் கழித்த குற்றாலத்திலும், அதனை அடுத்த தென்காசியிலும், ஒரு பாட்டையோ நடிப்பையோ இன்னொன்றின் பக்கத்தில் நிறுத்தி, எது எவ்விடத்தில் விஞ்சி நிற்கிறது என்று பொழுது போவது தெரியாமல் விவாதிப்பதற்கு ஆட்கள் என்றுமே கிடைத்துவந்திருக்கிறார்கள். ரசிகமணி காலத்தில் கம்பனைச் சுற்றி நடந்த அந்த விவாதத்தைத் தொலைக்காட்சித் துப்பறிவாளர்களிடம் கொண்டுவந்து சேர்த்தது, 1980-களில் ஓட்டுக்கூரைகளின் மேல் ஏறி நின்ற ஆன்டெனாக் கம்பிகளின் கைங்கரியம். கரம்சந்த் பெரியவரா, பியோம்கேஷ் பக்ஷி பெரியவரா என்ற கேள்வியை இன்றும் என் தலைமுறையினர் இருவர் நடுவே போட்டுவிட்டு ஒருவர் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம். திரும்பி வரும்போதும் வழக்கு தீர்ந்திராது.

அதற்கு முந்திய காலத்தில் மேனாட்டார் தொலைக்காட்சியில் பார்த்து மகிழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஒற்றர்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றையொன்று சந்தேகித்து விழித்திருந்த 1960-களில், 'தி மேன் ஃபிரம் அங்கிள்' என்ற தொடர் 1964-லும், 'மிஷன் இம்பாஸிபிள்' 1966-லும் அங்கே தொடங்கின. முன்னதில் ஓர் அமெரிக்கனும் ஒரு ரஷ்யனும் கூட்டாளிகளாக உலகத்தைக் காத்தார்கள், பின்னதில் வேஷம் போடுவதில் வல்லவர்கள் சிலர் வாரம் ஒரு சர்வாதிகாரியை ஏமாற்றினார்கள். திருவள்ளுவர் ஒற்றாடலுக்கென்று தனி அதிகாரமே வகுத்திருந்தும், நம்முடைய கூடங்களுக்குள் நுழைந்து நிலைத்தவர்கள் துப்பறிவாளர்கள்தாம். நம் நாட்டுச் சந்தேகங்கள் தேச எல்லையைக் காட்டிலும் பாகப்பிரிவினையிலும் உயிலிலும் சமையலறைப் பாலிலும் அதிகமாகக் குடிகொண்டிருப்பது அதற்குக் காரணமாயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பங்கஜ் பராஷர் இயக்கிய 'கரம்சந்த்' 1985-இல் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் வந்தபோது, தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் சிதைந்து இரு கூறாகப் பிளந்து நின்றது. எங்கள் ஊரில் ஹிந்தி தெரிந்தவர்களின் தொகையும் அக்கோபுரத்தின் நிலையிலேயே இருந்தது. பிரசார சபையின் பிராத்மிக் தேறிய ஓர் அண்ணாச்சி தெருவுக்கு ஒருவர் அகப்பட்டால் அதுவே பாக்கியம். "அண்ணாச்சி, அவன் என்ன சொல்லுதான்?" என்று பாதியில் எவனாவது கேட்டால், "பொறுடே, முடிஞ்ச பொறவு சொல்லுதேன்" என்பார், முடிந்த பிறகு அவர் சொல்லும் கதைக்கும் நாங்கள் கண்ணால் கண்ட கதைக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏதும் இருந்ததில்லை.

ஆயினும் கரம்சந்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை என்பதே அத்தொடரின் விசேஷம். கறுப்புக் கண்ணாடி அணிந்து, யோசனை வரும்போதெல்லாம் ஒரு கேரட்டை எடுத்துக் 'கடக்'கென்று கடித்து, போலீஸ்காரரை ஏளனமாக ஒரு பார்வை பார்த்து, தம்மைப் புகழ வாயெடுக்கும் காரியதரிசி கிட்டியை "ஷட் அப் கிட்டி!" என்று அடக்கும் அந்த மனிதரை, ஒரு சொல் விளங்காவிட்டாலும் முழுவதுமாகப் புரிந்துகொள்ள முடிந்தது. பங்கஜ் கபூர் தேசிய நாடகப் பள்ளியில் பயின்று வந்தவர். தோளின் சாய்விலும் தாடையின் அசைவிலும் ஒரு பாத்திரத்தின் கர்வம் முழுவதையும் ஏற்றிவைக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. கிட்டியாக வந்த சுஷ்மிதா முகர்ஜியோ, அசட்டுத்தனத்தை நடிப்பதற்கு எவ்வளவு புத்தி வேண்டும் என்பதை வாராவாரம் மெய்ப்பித்தார். சந்தையில் கேரட் வாங்கி வரும் பிள்ளைகளை அந்த ஆண்டு எந்தத் தாயும் அதட்டவில்லை. இவ்வளவும் சொன்ன பிறகு, கொலை செய்தவன் யார், எதற்காகச் செய்தான் என்று கேட்டால், அத்தொடரின் ஒரு கதைகூட இன்று என் நினைவில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; மனத்தில் தங்கியது ஆசாமி மாத்திரமே.

பியோம்கேஷ் வந்த வேளை வேறு. கோபுரத் திருப்பணி முடிந்து 1990-இல் குடமுழுக்கும் ஆகி, ஒன்பது நிலைகளும் முழுமையாய் எழுந்து நின்ற தென்காசியில், 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின் வீடு வீடாகக் கேபிள் கம்பி நுழையலாயிற்று. தமிழிலேயே பொழுதெல்லாம் பாட்டும் படமும் கிடைக்கும்போது ஹிந்தித் தொடருக்காகக் காத்திருப்பானேன் என்று ஜனங்கள் கலைந்து சென்ற அதே ஆண்டில்தான் இயக்குநர் பாசு சட்டர்ஜி தமது பியோம்கேஷைத் தூர்தர்ஷன் வழியே அனுப்பிவைத்தார். ஆகையால் இங்கே கரம்சந்தின் அபிமானிகள் ஒரு ஜனசமூகம் என்றால், பியோம்கேஷின் அபிமானிகள் ஒரு சிறு கோஷ்டி. அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவன் நான்.

சரதிந்து பந்தோபாத்யாயர் 1932-இல் வங்காளியில் படைத்து, பம்பாய்க்குச் சினிமாக் கதை எழுதப் போய் நெடுங்காலம் மறந்திருந்து, பிறகு மறுபடியும் எடுத்து, 1970-இல் தாம் மறையும்போது ஒரு கதையைப் பாதியில் விட்டுச்சென்ற அளவுக்கு விடாது எழுதிய பாத்திரம் பியோம்கேஷ். ரஜித் கபூர் அப்பாத்திரத்தை ஏற்றபோது, விநோத வழக்கம் ஒன்றையும் அதற்குச் சூட்டவில்லை. வேட்டி கட்டிய, மெலிந்த, மரியாதை தெரிந்த ஒரு கல்கத்தா வாலிபர், எதிராளி பேசும்போது குறுக்கிடாமல் கேட்கிறார், ஒரு கேள்வி கேட்கிறார், மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய கதைகளில் ஒன்றில், வீதியில் நடந்து செல்லும் கனவான்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு விழுந்து இறக்கிறார்கள். நெஞ்சில் தைத்திருப்பதோ கிராமபோன் ஊசி! அது எங்கிருந்து, எதனால் எய்யப்படுகிறது என்பதை, சைக்கிள் மணி அடிக்கும் சப்தம் நாள்தோறும் காதில் விழுந்தும் கவனியாத நமக்கு, அவர் எடுத்துக் காட்டும்போது உண்டாகும் திகைப்பு, துப்பாக்கி வெடிப்பதால் உண்டாகாது.

பியோம்கேஷை ரசிப்பதற்குக் காது வேண்டும், ஓரளவு ஹிந்தியும் வேண்டும். அதனால்தான் கரம்சந்தைப் பார்த்த ஊர் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் பாஷையின் தடை ஒருமுறை நீங்கிவிட்டால், குற்றவாளி இன்னான் என்று அறிந்த பின்னரும் அதே கதையை மறுபடி பார்க்க முடிகிறது. ஏனெனில் அங்கே குற்றம் ஒரு புதிராக வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு கூட்டுக் குடும்பத்தின் மாடிப்படியிலும், ஒரு மெஸ்ஸின் அடுத்த அறையிலும், ஆசையாகவும் அவமானமாகவும் நெடுநாள் ஊறி, பிறகு விளைகிறது. நண்பர் அஜித்தாக வரும் கே.கே. ரெய்னா அதிகம் பேசாமல் வியந்தும் சந்தேகித்தும் உடனிருப்பது, நம்மையே அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்ததற்குச் சமானம். கொரோனா ஊரடங்கினால் அருவிக்கரைகள் அடைத்துக் கிடந்த 2020-இல் தூர்தர்ஷன் அத்தொடரை மறுபடியும் ஒளிபரப்பியபோது, அது சற்றும் பழசாகவில்லை என்பதைக் கண்டேன். கரம்சந்தை 2007-இல் இன்னொரு அலைவரிசை புதுப்பித்துப் பார்த்தது. முதல் முறை வாய்த்த மவுசு இரண்டாம் முறை வாய்க்கவில்லை.

தேவன் ஆனந்த விகடனில் படைத்த நம் துப்பறியும் சாம்பு இப்பந்தயத்தில் சேரமாட்டார். தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி அவராக வந்து சிரிக்கவைத்தது உண்மையே என்றாலும், அதிர்ஷ்டத்தைக் கொண்டு குற்றவாளியைப் பிடிப்பவரைப் புத்தியைக் கொண்டு பிடிப்பவர்களுடன் நிறுத்துவது மூவருக்குமே நியாயமாகாது.

இரண்டு கபூர்களுக்கும் இடையே வேடிக்கையான ஒற்றுமை ஒன்று உண்டு. அட்டன்பரோவின் 'காந்தி' படத்தில் காந்தியடிகளின் காரியதரிசி பியாரேலாலாக நடித்த பங்கஜ் கபூர், அதன் ஹிந்திப் பதிப்பில் காந்தியடிகளுக்கே குரலும் கொடுத்தார். ரஜித் கபூரோ ஷியாம் பெனகலின் 'தி மேக்கிங் ஆஃப் தி மகாத்மா'வில் காந்தியடிகளாகவே நடித்துத் தேசிய விருது பெற்றார். சத்தியத்தைத் தேடுகிறவர்களுக்கு அந்த வேஷமும் வந்து சேர்வது பொருத்தந்தான்.

வழக்கு தீராதவர்கள், பாசு சட்டர்ஜியே 1986-இல் இயக்கிய 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா'வைத் தேடிப் பார்க்கலாம். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனின் விதியைப் பன்னிரண்டு ஜூரிகள் ஒரே அறைக்குள் வாதிட்டுத் தீர்மானிக்கும் கதை அது. அவன்தான் கொலைகாரன் என்று கடைசிவரை குமுறி நிற்பவர் பங்கஜ் கபூர்; எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று முதலில் தனி ஆளாய்க் கை தூக்குபவர் கே.கே. ரெய்னா. அதில் வெல்வது யார் என்பதைச் சுட்டிக்காட்டி நான் ஜயகோஷம் போட்டால், கையில் கேரட் இல்லாத பங்கஜ் கபூர் தோற்றதெல்லாம் கணக்கில் சேராது என்று எதிர்க்கட்சியார் சாதிக்கிறார்கள்.