பிறந்ததே குற்றமாம்! - சிரிக்க வைக்கும் டிரெவர் நோவா

இன்று உங்களிடம் ஒரு கேள்வி. திருடினால் குற்றம். பொய்ச்சாட்சி சொன்னால் குற்றம். ஆனால், ஒரு குழந்தை பிறந்ததே குற்றம் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

ஒரு நாட்டில் சட்டமே அப்படிச் சொன்னது. அங்கே பிறந்த ஒரு குழந்தைதான், பிற்காலத்தில் கையில் ஒரே ஒரு மைக்கை வைத்துக்கொண்டு உலகத்தையே சிரிக்க வைத்தது. அவர் பெயர் டிரெவர் நோவா. நாடு, தென்னாப்பிரிக்கா.

முடியில் செருகிய பென்சில்

தென்னாப்பிரிக்காவில் 1948-ஆம் ஆண்டு முதல் 1990-களின் தொடக்கம் வரை நிறவெறி ஆட்சி நடந்தது. மக்களை வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் என்று நான்கு வகையாகப் பிரித்தார்கள். (இந்தியர் அங்கே எப்படிப் போனார்கள் என்கிறீர்களா? 1860-ஆம் ஆண்டு, கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பலில் புறப்பட்டு டர்பன் நகரில் போய் இறங்கியவர்கள்தான் முதல் கூட்டம். அவர்களில் நம் தமிழர்களும் உண்டு.)

யார் எங்கே குடியிருப்பது, எந்தப் பள்ளியில் படிப்பது, எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்தப் பெஞ்சில் உட்காருவது... எல்லாவற்றையும் தோலின் நிறம்தான் முடிவு செய்தது. ஒருவரின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் என்ன செய்தார்கள் தெரியுமா? தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள்! நழுவிக் கீழே விழுந்தால் வெள்ளையர். சுருட்டை முடியில் சிக்கிக்கொண்டு நின்றால் வெள்ளையர் இல்லை. நாம் எழுதப் பயன்படுத்தும் பென்சில், அங்கே மனிதர்களின் தலையெழுத்தையே எழுதியது.

வெள்ளையரும் மற்ற இனத்தவரும் திருமணம் செய்து குடும்பம் நடத்துவதும் சட்டப்படி குற்றம். டிரெவரின் அம்மா, கோசா என்ற கறுப்பின மக்களைச் சேர்ந்தவர். அப்பா, ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த வெள்ளையர். இவர்களுக்கு 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி ஜோகனஸ்பர்க் நகரில் டிரெவர் பிறந்தார். அந்தச் சட்டத்தை அரசு நீக்கியது 1985-ல். ஓராண்டு தாமதம்! ஆகவே, அந்தப் பச்சைக் குழந்தையின் முகமே, பெற்றோர் சட்டத்தை மீறியதற்குச் சாட்சி ஆகிவிட்டது.

அந்தக் குடும்பத்தில் பெயருக்கெல்லாம் பொருள் உண்டு. ஆனால், அம்மா தன் மகனுக்கு வேண்டுமென்றே அங்கு யாருக்கும் பொருள் தெரியாத ஒரு பெயரை வைத்தார். 'நீ இன்னாராகத்தான் ஆக வேண்டும்' என்று பெயர்கூட அவனைக் கட்டிப்போடக் கூடாதாம்!

அப்பா ஓடினார், மகன் துரத்தினான்

வெளியே போகும்போது அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொள்ள முடியாது. போலீஸ்காரர் பார்த்தால் ஆபத்து. அதனால், டிரெவரின் நிறத்தில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட அழைத்துச் செல்வார். அந்தப் பெண் தாயைப் போல முன்னே நடப்பார். பெற்ற தாய், வேலைக்காரியைப் போலப் பின்னே நடப்பார்.

ஒருநாள் பூங்காவில் அப்பாவைப் பார்த்துவிட்ட குட்டி டிரெவர், 'அப்பா!' என்று கத்திக்கொண்டே ஓடினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பயந்துபோன அப்பா ஓட்டமெடுத்தார். மகனோ ஓடிப்பிடித்து விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு விடாமல் துரத்தினான்! படிக்கும்போது சிரிப்பு வருகிறது, இல்லையா? கொஞ்சம் யோசித்தால் தொண்டையை அடைக்கிறது. டிரெவரின் நகைச்சுவை எல்லாமே இப்படித்தான்.

சோவெட்டோ என்ற பகுதியில் இருந்த பாட்டி வீட்டிலும் வேடிக்கை உண்டு. அங்கே சேட்டை செய்த பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அடி விழும், டிரெவரைத் தவிர. 'மற்றப் பிள்ளைகளை அடித்தால் நிறம் மாறுவதில்லை. இவன் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறுகிறானே!' என்று பாட்டிக்குப் பயம்! ஆனால், அதே வீட்டில் டிரெவருக்குத் தெருவில் இறங்கி விளையாட அனுமதி இல்லை. யாராவது பார்த்துவிட்டால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களே! சுவருக்குள்ளேயே தனியாக விளையாடியவன், தனக்குத்தானே கதை சொல்லப் பழகினான்.

எந்தப் பூட்டுக்கும் ஒரு சாவி

தென்னாப்பிரிக்கா பல மொழிகள் பேசும் நாடு. 1994-ஆம் ஆண்டுக்குப் பிறகு 11 மொழிகள் ஆட்சிமொழிகள் ஆயின. 2023-ல் சைகைமொழியும் சேர்ந்து 12 ஆகிவிட்டது. டிரெவரின் அம்மாவுக்குப் பல மொழிகள் தெரியும்.

ஒருமுறை அம்மாவும் மகனும் ஒரு கடைக்குள் நுழைந்தார்கள். கடைக்காரர் காவலாளியிடம் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில், இவர்கள் திருடிவிடுவார்கள், பின்னாலேயே போ என்று சொன்னார். கறுப்பினப் பெண்ணுக்கு இந்த மொழி எங்கே தெரியப்போகிறது என்ற எண்ணம்! அம்மா திரும்பினார். அதே மொழியில், சுத்தமான உச்சரிப்பில், பின்னால் வரத்தான் போகிறார் என்றால் எங்களுக்கு வேண்டிய பொருளை எடுத்துக் கொடுக்கவும் சொல்லுங்களேன் என்றார். கடைக்காரர் வெலவெலத்துப்போய் மன்னிப்புக் கேட்டார்.

இந்தப் பாடம் மகனுக்கு ஒருநாள் உதவியது. தெருவில் தனியாக நடந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த இளைஞர் கூட்டம், இந்த வெள்ளைக்காரனிடம் பறித்துக்கொள்ளலாம் என்று ஜூலு மொழியில் திட்டம் போட்டது. ஓடவும் வழியில்லை. டிரெவர் சட்டென்று திரும்பி, அதே ஜூலு மொழியில், நாம் எல்லோரும் சேர்ந்தே வேறு யாரிடமாவது பறிக்கலாமே என்றார்! கூட்டம் திகைத்து நின்றது. அட, இவன் நம்ம ஆள் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டது.

கவனித்தீர்களா குழந்தைகளே? தோலின் நிறம் மாறவில்லை. பேச்சு மட்டும்தான் மாறியது. எதிரி நண்பனாகிவிட்டான்!

ஆறாம் வகுப்பில் ஒரு முடிவு

டிரெவருக்கு ஆறு வயது ஆகும் சமயத்தில், 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி, 27 ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு நெல்சன் மண்டேலா விடுதலையானார். 1994-ல் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. பள்ளிகளின் கதவுகளும் திறந்தன. ஆனால், மனங்கள் அவ்வளவு சீக்கிரம் திறக்குமா?

ஆறாம் வகுப்பில் ஒரு புதிய பள்ளியில் சேர்ந்தார். தேர்வு வைத்து அவரை 'ஏ' பிரிவில் போட்டார்கள். அதில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்தான். இடைவேளையில் மைதானத்துக்கு வந்தால், கறுப்பினப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அவர்கள் எல்லாம் 'பி' பிரிவாம்! டிரெவர் அவர்களோடு அவரவர் மொழியில் பேசினார். அவர்களுக்கு ஒரே ஆச்சரியம். அன்றே ஆலோசகரிடம் போய், தன்னை 'பி' பிரிவுக்கு மாற்றச் சொன்னார். எதிர்காலம் பாதிக்கும் என்று எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை. மாறிவிட்டார்.

உயர்நிலைப் பள்ளியிலும் ஒவ்வோர் இனத்துப் பிள்ளைகளும் ஒவ்வொரு மூலையில் உட்கார்ந்தார்கள். டிரெவருக்கு எந்த மூலையும் சொந்தமில்லை. ஆனால், ஒரு திறமை இருந்தது. வேகமாக ஓடுவார்! மணி அடித்ததும் பள்ளிக் கேன்டீனுக்கு முதல் ஆளாக ஓடி, வரிசையில் நிற்கச் சோம்பல்படும் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துக் கமிஷன் வாங்கினார். ஒவ்வொரு மூலைக்கும் போவார், ஒரு ஜோக் சொல்வார், ஆர்டர் எடுப்பார், அடுத்த மூலைக்குப் போய்விடுவார். யாரோடும் பேசலாம், யாரையும் சிரிக்க வைக்கலாம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டார்.

ஓர் ஆள், ஒரு மைக்

'ஸ்டாண்ட் அப் காமெடி' என்றால் என்ன? நம் ஊர் பட்டிமன்றத்தில் நகைச்சுவையாகப் பேசுகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். பலகுரல் நிகழ்ச்சி பார்த்திருப்பீர்கள். இது அவற்றுக்குச் சொந்தக்காரக் கலை. வேடம் இல்லை, பின்னணி இசை இல்லை, உடன் நடிக்க ஆள் இல்லை. ஒருவர் மட்டும் மேடையில் நின்று, தன் வாழ்க்கையில் கண்டதையும் கேட்டதையும் சொல்லிச் சொல்லியே சிரிக்க வைக்க வேண்டும்.

கேட்பவரை ஒரு பாதையில் கூட்டிக்கொண்டு போய், அவர் எதிர்பாராத இடத்தில் சட்டென்று திருப்பிவிடுவதுதான் இதன் சூட்சுமம். பறிக்க வந்தவர்கள் எதிர்பார்த்தது பயம். கிடைத்தது கூட்டுச் சேர அழைப்பு! அந்தத் தெருவில் நடந்ததே ஒரு நல்ல ஜோக்தான்.

2002-ல், 18 வயதில், தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் சிறு வேடத்தில் நடித்தார் டிரெவர். பிறகு மேடை ஏறினார். 2009-ல் 'தி டேவாக்கர்' என்ற தனி நிகழ்ச்சி நடத்தினார். 2012-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற 'டுநைட் ஷோ' நிகழ்ச்சியில் தோன்றினார். அதில் இடம்பெற்ற முதல் தென்னாப்பிரிக்க மேடை நகைச்சுவைக் கலைஞர் அவர்தான்.

மருத்துவமனையில் ஒரு சிரிப்பு

2009-ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையில் ஒரு பெரும் துயரமும் நடந்தது. அம்மாவிடமிருந்து பிரிந்துபோன வளர்ப்புத் தந்தை, கோபத்தில் அம்மாவைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். குண்டு தலையில் பாய்ந்தும், மூளையைத் தொடாமல் வெளியேறியதால் அம்மா பிழைத்தார். கட்டிலருகே டிரெவர் தேம்பித் தேம்பி அழுதார். முகமெல்லாம் கட்டுப்போட்டிருந்த அம்மா, இதிலும் ஒரு நல்லது இருக்கிறது என்றார். என்ன நல்லது? இனி நம் குடும்பத்திலேயே நீதான் அழகு என்றாராம்! அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

வலியே இல்லாதவர்கள்தான் சிரிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். வலியின் கையில் தன்னைக் கொடுத்துவிடாமல் இருக்கவும் சிலர் சிரிக்கிறார்கள்.

அவரும் வழுக்கினார்

2015-ல் அமெரிக்காவின் 'தி டெய்லி ஷோ' என்ற செய்தி நையாண்டி நிகழ்ச்சியை நடத்த டிரெவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அறிவிப்பு வந்ததும் சிலர் அவருடைய பழைய ட்விட்டர் பதிவுகளைத் தோண்டி எடுத்தார்கள். அவற்றில் யூதர்களையும் பெண்களையும் கேலி செய்த ஜோக்குகள் இருந்தன. பலர் கோபப்பட்டார்கள். எடுபடாமல் போன சில ஜோக்குகளை மட்டும் வைத்துத் தன்னை அளக்க வேண்டாம் என்றார் அவர். பாருங்கள், நிறத்தை வைத்து ஒதுக்கப்பட்டவர்கூட, அடுத்தவரை ஒரு கூட்டமாகப் பார்த்துக் கேலி செய்யும் குழியில் விழுந்துவிட்டார்! யாருக்கும் கால் வழுக்கும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் பார்வையாளர்கள் குறைந்தார்கள். அவர் சளைக்கவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது வீட்டிலிருந்தே நடத்தினார். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி விடைபெற்றபோது, அம்மாவையும் பாட்டியையும் நினைத்து நன்றி சொன்னார். நெதர்லாந்து நாட்டின் எராஸ்மஸ் விருது 2023-லும், அந்த நிகழ்ச்சிக்கு எம்மி விருது 2024 ஜனவரியிலும் கிடைத்தன. 2016-ல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை நூலின் பெயரே 'பிறந்ததே குற்றம்' என்ற பொருள் தருவதுதான். தென்னாப்பிரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கல்விக்காக ஓர் அறக்கட்டளையும் நடத்திவருகிறார்.

சாப்பிட்டீங்களாங்க?

முடிக்கும் முன் என் கதை ஒன்று. நான் தஞ்சைப் பக்கம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்த காலம். கோவைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். கேள்வி கேட்டால், 'ஆமாங்க', 'படிச்சேனுங்க' என்று பதில் சொல்வான். வகுப்பு 'கொல்'லென்று சிரித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்துவிட்டேன். மறுநாளிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை. பதில் தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொள்வான்.

ஒருநாள் மதிய உணவு நேரம். ஒரு சிறுமி தன் தட்டோடு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். 'சாப்பிட்டீங்களாங்க?' என்றாள். கேலியாக அல்ல, அவன் பேச்சை அவள் கற்றுக்கொண்டு கேட்டாள். பையன் நிமிர்ந்து பார்த்தான். 'நீங்க சரியாச் சொல்லலீங்க' என்றான். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்று பிற்பகல் கணக்குப் பாடத்தில் முதலில் உயர்ந்தது அவன் கைதான்.

ஒருவர் பேச்சைப் பார்த்துச் சிரிப்பதும், அவர் பேச்சில் பேசி அவரோடு சிரிப்பதும் ஒன்றா? டிரெவர் நோவாவுக்கு அவர் அம்மா சொல்லிக் கொடுத்தது அந்த வித்தியாசம்தான். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது ஓர் ஐந்தாம் வகுப்புச் சிறுமி.

நாளை உங்கள் வகுப்பில் யாரையாவது சிரிக்க வையுங்கள், குழந்தைகளே. ஆனால், நீங்கள் சொல்லும் ஜோக்கில் இருக்கும் ஆளும் சேர்ந்து சிரிக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்!