உழைக்கும் உடம்பு – 9: தோள்பட்டைக்கு ஒரு பந்து

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து பாலக்காடு மாவட்டம் தொடங்கும் இடம் கோவிந்தாபுரம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை இங்கிருந்த வணிகவரிச் சோதனைச்சாவடி முன்னால் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். இறங்கி நிற்கும் ஓட்டுநர், லாரி பாடியின் விளிம்பில் முதுகைச் சாய்த்து, தோள்பட்டைக்கு உள்பக்கமாக ஓர் இடத்தைத் தேடித் தேடி அழுத்துவார். இடம் கிடைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். சாவடி போனது, அந்த வலி போகவில்லை.

பக்கத்திலேயே முதலமடை. நாட்டின் மற்ற பகுதிகளில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே காய் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். டெல்லிக்கும் மும்பைக்கும் பெட்டி பெட்டியாகப் போகும். ஆண்கள் சுமை ஏற்றுகிறார்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் தரம் பிரிக்கிறார்கள். ராத்திரி இருவருக்கும் ஒரே இடத்தில்தான் பிடித்துக்கொள்கிறது. 'வாய்வு' என்பார்கள், 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்பார்கள்.

பெரும்பாலும் அது தசை. மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது முன்னால் சாயும்போது, விழாமல் இழுத்துப் பிடிப்பவை கழுத்தின் பின்பக்கத்திலும் தோள்பட்டை எலும்பின் ஓரத்திலும் உள்ள தசைகள். பாரம் தூக்கும் தசைக்காவது இறக்கி வைத்த பிறகு ஓய்வு உண்டு. குனிந்தே இருப்பவரின் தசைக்கு அதுவும் இல்லை. நாள் முழுக்க லேசான இறுக்கத்திலேயே கிடக்கிறது. ஸ்டியரிங் பிடிப்பவருக்கும், கணினி முன்னால் உட்காரும் உங்களுக்கும் இதே கதைதான்.

இப்படி இறுகிய இடங்களைப் பற்றி விரிவாக எழுதியவர் அமெரிக்க மருத்துவர் ஜேனட் ட்ராவெல். ஜான் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தவர். 1961-ல் வெள்ளை மாளிகை மருத்துவரானார். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய பெரிய கையேடு 1983-ல் வந்தது. டென்னிஸ் பந்தை வைத்துத் தானே அழுத்திக்கொள்ளும் பழக்கம் இயன்முறை மருத்துவர்களிடம் பரவியதில் அந்த மரபுக்குப் பங்கு உண்டு. கேரளத்தில் இதற்கு உழிச்சல், இலைக்கிழி, பிழிச்சல் என்று ஆயுர்வேத சிகிச்சைகள் இருக்கின்றன. கோட்டக்கல் ஆர்ய வைத்தியசாலை 1902-லிருந்து நடக்கிறது. அந்த வைத்தியத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் சீசன் நேரத்தில் கூலியை விட்டுவிட்டுப் போய்ப் படுக்க ஒரு லோடுமேனுக்கு முடியுமா? பந்துக்கு நூறு ரூபாய்கூட ஆகாது.

செய்யும் விதம் முக்கியம். பந்தைப் பழைய சாக்ஸுக்குள் போட்டு, அதன் மேல்நுனியைத் தோளுக்கு மேலாக முன்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், பந்து நழுவாது. சுவருக்கு முதுகு காட்டி, பாதங்களை ஓர் அடி முன்னால் வைத்துச் சாயுங்கள். பந்து, முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவிலுள்ள சதையில் இருக்கட்டும். முதுகெலும்பின் மேல் ஒருபோதும் வேண்டாம். முழங்காலை லேசாக மடக்கி நிமிர்த்தினால் பந்து மேலும் கீழும் உருளும். 'இதேதான்' என்று உங்களுக்கே தெரியும் இடம் வந்ததும் நின்றுவிடுங்கள். இப்போது அந்தப் பக்கத்துக் கையை எடுத்து எதிர்த்தோளைத் தொடுங்கள். தோள்பட்டை எலும்பு விலகி, அதன் அடியில் ஒளிந்திருந்த தசை பந்துக்கு நேரே வரும். மூச்சை மெதுவாக விட்டபடி அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். தாங்கக்கூடிய வலியாக இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதில் பயனில்லை, தசை இன்னும் இறுகத்தான் செய்யும். கிரிக்கெட் கார்க் பந்து ஆரம்பத்தில் ஆகாது. கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் தொடவே கூடாது.

அழுத்தினால் 'முடிச்சு கரைகிறது' என்று சொல்வது வழக்கம். ஒரு நிமிட அழுத்தம் தசையின் அமைப்பையே மாற்றிவிடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வலியை உணரும் நரம்பு மண்டலம் கொஞ்சம் அமைதியாகிறது என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கம். அதனால்தான் கிடைக்கும் சுகம் தற்காலிகமானது. அந்த இடைவெளியில் தோளைச் சுழற்றி, கைகளை உயர்த்தி அசைத்துவிட வேண்டும். முதுகுத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பழகிக்கொள்ள வேண்டும்.

எல்லாத் தோள்பட்டை வலியும் பந்துக்குரியதல்ல. இடது தோளில் வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சு அழுத்தம் இருந்தால் உடனே மருத்துவமனை. பித்தப்பைக் கல் வலி வலது தோள்பட்டைக்கு அடியில் தெரியலாம். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ கழுத்து எலும்பைப் பார்க்க வேண்டும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இடுக்கி எல்லைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களிலும் இதே தோள்கள்தான். கொழுந்து மூட்டையைச் சுமந்து மேட்டில் ஏறி இறங்கும் தமிழ்ப் பெண்கள்தான் 2015 செப்டம்பரில் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்து, போனஸும் கூலி உயர்வும் கேட்டார்கள். அந்த உழைப்பின் பாரத்துக்குப் பந்தைக் கொடுத்து பதில் சொல்லிவிட முடியாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைய வேண்டும் என்றது. மண்டி நடத்துகிறவர்களே, மாந்தோப்புக் குத்தகைக்காரர்களே, இந்த சீசனில் இரண்டு காரியம் செய்யுங்கள்: தரம் பிரிக்கும் பெண்களுக்கு இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை போட்டுக் கொடுங்கள், பெட்டியின் எடையைக் குறையுங்கள்.