சாயாமல் சாயும் கேக்

வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுக்கும் நம் தோட்டப்புறச் சகோதரிகளிடம் ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் இப்போது வெறுங்கையோடு வருவதில்லை. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இதே மாதிரி வேணும்" என்கிறார்கள். படத்தில் இருப்பது இரண்டு அல்லது மூன்று அடுக்குக் கேக். கீழ் அடுக்கு இடப்பக்கம் சரிந்திருக்கும். அதன்மேல் உள்ளது வலப்பக்கம் சரிந்திருக்கும். ஒவ்வோர் அடுக்கும் கோயில் தேரைப்போல் அடியில் சிறுத்து, மேலே போகப்போக அகன்றிருக்கும். பார்க்கிறவருக்கு, இதோ விழப்போகிறது என்று மனம் பதறும். ஆனால் விழாது. குழந்தைகளுக்கு அதுதான் வேடிக்கை.

'டாப்ஸி டர்வி' கேக் என்று இதற்குப் பெயர். 'மேட் ஹேட்டர்' கேக் என்றும் சொல்வதுண்டு. லூயிஸ் கரோல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1865இல் வெளியிட்ட ஆலிஸ் என்னும் சிறுமியின் கதையில், கிறுக்குப் பிடித்த தொப்பிக்காரர் ஒருவர் தேநீர் விருந்து நடத்துவார். எல்லாமே ஏறுமாறாக நடக்கும் அந்த விருந்தை நினைவூட்டுவதால் கேக்குக்கும் அந்தப் பெயர் வந்தது. (பள்ளியில் 'அணிச்சல்' என்று எழுதச் சொல்லிக் கொடுக்கிறோம். கடைக்குப் போனால் நானும் 'கேக்' என்றுதான் கேட்கிறேன். ஆகவே இங்கும் அப்படியே எழுதுகிறேன்.)

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டில் அடைபட்ட காலத்தில், நம் பெண்கள் பலர் கைப்பேசியைப் பார்த்தே கேக் செய்யப் பழகினார்கள். பிறகு அதுவே சிலருக்குக் கைத்தொழிலாயிற்று. பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்துக்கும் டியூஷனுக்கும் அந்தப் பணம் உதவுகிறது. இதை விளையாட்டு வேலை என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. 280 வெள்ளிக்கு ஏற்றுக்கொண்ட ஒரு கேக் கெட்டுப்போனால், செம்பனைக் குலை வெட்டும் கணவரின் நான்கு நாள் உழைப்புக்குமேல் போயிற்று என்று பொருள்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு தாய்க்கு அப்படித்தான் நடந்தது. கீழ்க் கேக்கைச் சாய்வாக வெட்டி, அந்தச் சரிவின்மேலேயே மேல்கேக்கை வைத்து, ஐசிங்கால் ஒட்டியிருக்கிறார். வீட்டில் மாலை நான்கு மணிக்குப் பார்த்தபோது படத்தில் இருந்ததுபோலவே அழகாக நின்றது. மண்டபத்தில் மின்விசிறிகள் மட்டும்தான். மணி ஆறு இருக்கும். மெழுகுவத்தி ஏற்றுவதற்குள் மேல் அடுக்கு, மழைக்கால மண்சரிவைப்போல் சத்தமில்லாமல் நகர்ந்து வந்து மேசையில் உட்கார்ந்துவிட்டது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெண்ணெயும் முட்டையும் மாவும் போனது போனதுதான். அவருக்குக் கைத்திறன் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவர் செய்யும் பட்டர் கேக்கைத் தின்றவர்களுக்குத் தெரியும். படத்தில் தெரியாத ஒரு செய்தி அவருக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

சாய்வது கண்ணுக்கு மட்டும்

அந்தச் செய்தி இது. சாய்ந்த கேக் என்று நாம் பார்க்கும் கேக்கில் எந்த அடுக்கும் சாய்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் மட்டமான தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. மேற்பரப்பும் பக்கங்களும் சாய்வாகச் செதுக்கப்பட்டிருப்பதால் முழுவதும் சாய்வதுபோல் தோன்றுகிறது.

பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1885இல் தண்ணீர் சேமித்து வைப்பதற்காகக் கட்டிய அந்தக் கோபுரத்தின் உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி. உள்ளே போனால் மூன்றே மாடி. வெளியே தெரிவது வேறு, உள்ளே இருப்பது வேறு என்பதற்கு நம் நாட்டிலேயே நிற்கும் சாட்சி அது. ஆனால் அந்தக் கோபுரம் மெய்யாகவே சாய்ந்தது. அடியில் மண் இளக்கம், மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்ததால் அது தாங்கி நிற்கிறது. முட்டையும் மாவும் சேர்ந்தது அப்படித் தாங்குமா?

நிலைத்தன்மையைப் பற்றிய பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இரண்டு செய்திகள்: அடிப்பரப்பு அகலமாக இருந்தால் ஒரு பொருள் நிலையாக நிற்கும், உயரம் கூடினால் ஆட்டம் காணும். இந்தக் கேக்கோ அடி சிறுத்து, தலை பெருத்து, உயரமாகவும் வளர்கிறது. பாடநூல் வேண்டாம் என்று சொல்வதையெல்லாம் வேண்டுமென்றே செய்கிறோம். அதனால்தான் மறைவாகச் சில ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன.

அதில் முதன்மையானது குழி. நம் பாட்டிமார் அடி உருண்ட பானையைத் தரையில் அப்படியே வைக்கமாட்டார்கள். வைக்கோல் புரிமணை ஒன்றைப் போட்டு, அதன்மேல் வைப்பார்கள், பானை அசையாது. சாய்ந்த கேக்கிலும் அதே உபாயந்தான். கீழ் அடுக்கின் சரிந்த மேற்பரப்பில் வட்டமாக ஒரு குழி தோண்டி, அதன் அடியை மட்டமாக்கி, மேல் அடுக்கை அதற்குள் இறக்கிவிடுகிறோம். சரிவு வெளியே தெரியும், மட்டம் உள்ளே ஒளிந்திருக்கும்.

எட்டு அங்குலம், ஆறு அங்குலம்

முதன்முதலாகச் செய்கிறவர்கள் இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மூன்றடுக்குக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் முதல் ஆண்டில் வேண்டாம் என்பேன்.

கீழ் அடுக்குக்கு 8 அங்குல டின், மேல் அடுக்குக்கு 6 அங்குல டின். இரண்டையும் 5 அங்குல உயரம் வரும்படி அடுக்கி, குளிர்பெட்டியில் நன்றாக இறுகவிடுங்கள். இறுகாத கேக்கைச் செதுக்க முனைந்தால் தூள்தான் மிஞ்சும். பிறகு 8 அங்குலக் கேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே 6 அங்குல வட்ட அட்டை ஒன்றை நடுவாக வையுங்கள். ரொட்டி வெட்டும் பல் கத்தியால் அட்டையின் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை சரிவாகச் சீவிக்கொண்டு வாருங்கள். நிமிர்த்தி வைத்தால் அடி 6 அங்குலம், தலை 8 அங்குலம். பூந்தொட்டிபோல் நிற்கும்.

அடுத்தது சாய்வு. இங்கேதான் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஒரு பக்கம் மேல்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் கீழே பல்குச்சியால் அடையாளமிட்டு, எதிர்ப்பக்கத்து மேல்விளிம்பிலிருந்து அந்த அடையாளம் வரைக்கும் ஒரே சீராக வெட்டுங்கள். ஆப்புபோல் ஒரு துண்டு கிடைக்கும். அதை வீசிவிடாதீர்கள்; பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடாதீர்கள். அரைவட்டம் திருப்பி, அதே இடத்தில் கிரீம் தடவி ஒட்டுங்கள். தடித்த பக்கம் உயரமான பக்கத்தோடு சேர்ந்துவிடும். இப்போது ஒரு பக்கம் 6 அங்குலம், மறுபக்கம் 4 அங்குலம். வெட்டியது ஓர் அங்குலம், கிடைத்த சாய்வு இரண்டு அங்குலம்! சேதாரம் ஒன்றுமில்லை.

இதைப் படித்து நம்பாதவர்கள் சந்தையில் ஒரு வெள்ளை முள்ளங்கி வாங்கி, தடித்த துண்டாக நறுக்கி, சாய்வாக வெட்டித் திருப்பி வைத்துப் பார்க்கட்டும். கேக்கில் கைவைக்குமுன் முள்ளங்கியில் நாலைந்து முறை பழகிவிட்டால் கை நடுங்காது. முள்ளங்கியைச் சாம்பாரில் போட்டுக்கொள்ளலாம்.

6 அங்குலக் கேக்கையும் இப்படியே செதுக்கினால் அதன் அடி 4 அங்குலமாகும். அதற்குக் கீழ் அடுக்கில் நாலரை அங்குல வட்டக் குழி வேண்டும். குழியின் அடி, கேக்கின் அடியிலிருந்து நாலேகால் அங்குல உயரத்தில் எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும். உயர்ந்த பக்கத்தில் குழி ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று அதிக ஆழமாகவும், தாழ்ந்த பக்கத்தில் கால் அங்குலத்துக்கும் குறைவாகவும் வரும். கண்ணை நம்பாதீர்கள், சுற்றிலும் சாய்வு இருக்கும்போது கண் ஏமாற்றும். வீட்டில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம்போல் சிறியது ஒன்று இருந்தால், அடியில் வைத்துப் பார்த்துவிடுங்கள். மேல் அடுக்கை இறக்கும்போது அதன் சரிவைக் கீழ் அடுக்கின் சரிவுக்கு எதிர்த்திசையில் திருப்பி வையுங்கள். கூத்தாடுவதுபோல் தோன்றுவது அதனால்தான்.

குழி மட்டும் போதாது. செதுக்கி, சீனித்தகடு போர்த்திய மேல் அடுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். அந்தப் பாரம் கீழ்க் கேக்கின்மேல் இறங்கினால் அது பிதுங்கிவிடும். பாரத்தைக் கேக் சுமக்கக்கூடாது, கால்கள் சுமக்கவேண்டும். பபிள் டீ குடிக்கும் தடித்த குழல்கள் இதற்கு மிகப் பொருத்தம். புதிய குழல்கள் நான்கைக் குழியின் அடியில் செங்குத்தாக இறக்கி, குழியின் தளத்துக்குச் சமமாக நறுக்குங்கள். நான்கும் ஒரே அளவாக இருக்கவேண்டும். மேல் அடுக்கு 4 அங்குல அட்டையின்மேல் இருக்கும். அந்த அட்டை இந்த நான்கு கால்களின்மேல் உட்காரும். கடைசியாக, முனை சீவிய சுத்தமான மரக்குச்சி ஒன்றை மேலிருந்து அட்டையையும் துளைத்து அடிவரை இறக்கினால் பக்கவாட்டில் நகராது. சாத்தே குச்சி இதற்கு மெலிது, வளையும்.

எந்தக் கேக், எந்த ஐசிங்

பஞ்சுபோன்ற ஸ்பாஞ்ச் கேக் இதற்கு ஆகாது. அடர்த்தியான பட்டர் கேக் அல்லது சாக்லேட் மட் கேக் வேண்டும். முட்டை சேர்க்காமல் கேட்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்தக் கேக் எளிதில் உதிரும். அடியை இரண்டு அங்குலம் சிறுக்காமல் ஓர் அங்குலத்தோடு விட்டுவிடுங்கள். சைவக்காரர்களுக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் செய்யும்போது, வாங்கும் சீனித்தகட்டின் பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும். விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது அது.

நம் ஊர் வெயில்தான் பெரிய எதிரி. வெண்ணெய் 32 முதல் 35 பாகை வெப்பத்தில் உருகிவிடும். தகரக்கூரையின்கீழ் பிற்பகலில் அந்தச் சூடு சாதாரணம். ஆகவே வெண்ணெய்க் கிரீமை நம்பி இந்தக் கேக்கைச் செய்யாதீர்கள். சாக்லேட்டையும் கிரீமையும் சூடாகக் கலந்து ஆறவைக்கும் கனாஷ் பூசினால், இறுகி ஓடுபோல் தாங்கும். கறுப்புச் சாக்லேட் என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கிரீம். வெள்ளைச் சாக்லேட் இளகக்கூடியது, மூன்று பங்குக்கு ஒரு பங்கு. வெயில் கடுமையாக இருந்தால் சாக்லேட்டை இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

சீனித்தகடு போர்த்தும்போது பலருக்குக் கண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறேன். உயர்ந்த பக்கத்துக் கூரான விளிம்பில் தகடு தன் கனத்தாலேயே இழுபட்டுக் கிழியும். சிறுத்த அடியிலோ புடவைக் கொசுவம்போல் மடிப்பு விழும். விளிம்பைக் கனாஷிலேயே சற்று மழுக்கிவிட்டால் கிழியாது. தகட்டை மேலிருந்து கீழே இழுக்காமல், உள்ளங்கையால் மேல்நோக்கித் தடவித் தடவி ஒட்டவேண்டும். எஞ்சும் மடிப்பைச் சாய்வு தாழ்ந்த பக்கத்துக்குப் பின்புறமாகத் தள்ளி, அதன்மேல் ஒரு பூவோ நட்சத்திரமோ ஒட்டிவிடுங்கள். பட்டணத்துக் கடைக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். போர்த்திய பிறகு குளிர்பெட்டியில் வைத்து, வெப்பத்தில் சட்டென்று எடுத்தால் தகடு வியர்த்துப் பிசுபிசுக்கும். வியர்த்தால் தொடாமல் மின்விசிறியின்கீழ் விட்டுவிடுங்கள், காய்ந்துவிடும்.

இத்தனையும் ஒரே நாளில் நடக்காது. சனிக்கிழமை விருந்து என்றால் வியாழக்கிழமை சுடவேண்டும். மறுநாள் செதுக்கிக் கனாஷ் பூசவேண்டும். சனிக்கிழமை காலையில் தகடு போர்த்தவேண்டும். விலை சொல்லும்போது இந்த மூன்று நாள்களையும் கணக்கில் சேருங்கள். சாமான் செலவோடு இருபது வெள்ளி சேர்த்துச் சொல்லிவிட்டு, "நம்ம ஆளுங்கதானே" என்று சிரிக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். கேட்பவர் நம்மவர் என்றால் உங்கள் மூன்று நாளின் அருமை அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கொண்டு போய்ச் சேர்ப்பதிலும் கவனம் தேவை. செம்பனை லோரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த செம்மண் சாலையில் அடுக்கிய கேக்கை ஏற்றிச் செல்லவேண்டாம். அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் எடுத்துப் போய், மண்டபத்தில் மேசைமேல் வைத்தே சேர்த்துவிடுங்கள். காரின் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். அதில் வைக்காமல், கால் வைக்கும் தரையில் ரப்பர் விரிப்புப் போட்டு வைக்கலாம். மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு போவது அறவே வேண்டாம்.

வெட்டும்போது கீழிருந்து தொடங்கக் கூடாது. முதலில் நடுக்குச்சியை உருவிவிட்டு, மேல் அடுக்கை அட்டையோடு தூக்கித் தனித்தட்டில் வைத்து வெட்டச் சொல்லுங்கள். அதன்பின் கீழ் அடுக்கிலுள்ள குழல்களை எடுக்கவேண்டும். போட்டது நான்கு குழல், ஒரு குச்சி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேக் பெட்டியிலேயே ஒட்டி அனுப்புங்கள். வெட்டுகிறவர் ஐந்தையும் எண்ணிப் பார்த்த பிறகே குழந்தைகளின் தட்டில் வைக்கட்டும்.