ஐம்பதாயிரம் ரூபாவும் நூறு காளான் பைகளும்

"கையில் ஐம்பதாயிரம் ரூபா இருக்கிறது. என்ன தொழில் செய்யலாம்?" 2022 நெருக்கடிக்குப் பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் கடையை மூடியவர்களும் இருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள். பலருக்கு அந்தப் பணம்தான் கடைசி முதல். ஆகவே வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது.

இந்த வாரம் சிப்பிக் காளானை எடுத்துக்கொள்வோம். இதற்குக் காணி தேவையில்லை. வீட்டின் பின்புறம் கிடுகால் வேய்ந்த, நிழலும் ஈரமும் உள்ள ஒரு கொட்டில் போதும். மரக்காலையில் கிடைக்கும் றப்பர் மரத்தூளுடன் தவிடும் சிறிது சுண்ணாம்பும் கலந்து, பையில் அடைத்து, பரலில் நீண்ட நேரம் ஆவியில் அவித்து, ஆறிய பின் வித்து இட வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பை முழுவதும் வெள்ளையாகப் படரும். அதன் பிறகு பையைத் திறந்து, தினமும் தண்ணீர் தெளித்தால் காளான் முளைக்கும். இரண்டரை மாதம் வரை விட்டு விட்டுப் பறிக்கலாம்.

புதியவர்கள் அவிக்கும் வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. அவிப்பது குறைந்தால் பச்சைப் பூஞ்சணம் பிடித்து முழுத் தொகுதியும் வீணாகும். வித்து படர்ந்த பைகளை விலைக்கு வாங்கி, பராமரிப்பை முதலில் பழகுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ பையில் 300 கிராம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பையில் 30 கிலோ, அதாவது 200 கிராம் பொதிகள் 150. இரண்டரை மாதத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு இரண்டே இரண்டு பொதி. ஒரு பொதியில் செலவு போக 60 ரூபா மிஞ்சினாலும் மொத்தம் 9,000 ரூபாதான். 500 பை வைத்தால் 45,000 ரூபா, மாதத்துக்கு 18,000. ஆகவே 100 பை என்பது பயிற்சி, குடும்பம் நடத்தும் வருமானமல்ல. "வீட்டிலிருந்தே மாதம் ஒரு இலட்சம்" என்று விளம்பரம் செய்து பை விற்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். "விளைந்ததை நாங்களே வாங்குவோம்" என்றால், என்ன விலைக்கு, எத்தனை கிலோ, எவ்வளவு காலத்துக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது விற்பனை. பறித்த காளான் குளிர்சாதனப் பெட்டியிலும் சில நாட்கள்தான் நிற்கும். தூர ஊருக்குக் கூரியரில் அனுப்பும் பண்டமல்ல இது. ஆனால் உங்கள் ஊருக்குள் விற்க வட்ஸ்அப் நல்ல துணை. முதல் நாள் இரவு ஓடர் எடுத்து, காலையில் பறித்து, பகலுக்கு முன் வீடுகளுக்குக் கொடுங்கள். பை வாங்குவதற்கு முன்பே இருபது வீடுகளின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். இருபது பெயர் சேரவில்லையென்றால் அந்த ஊரில் இந்தத் தொழில் வேண்டாம்.

கடைக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. என் கடைக்குக் காளான் தருபவர்களில், சொன்ன நாளில் வந்து, விற்காத பொதியைத் தானே எடுத்துச் செல்பவரைத்தான் நான் தொடர்ந்து வைத்திருக்கிறேன். அவருடைய பொதியில் திகதியும் நிறையும் தெளிவாக இருக்கும். அவர் எல்லாப் பைகளையும் ஒரே நாளில் திறப்பதில்லை. வாராவாரம் சில பைகளாகத் திறப்பதால் ஒரு வாரம் குவிந்து மறுவாரம் வெறுமையாகும் நிலை அவருக்கு இல்லை.

ஐம்பதாயிரத்தையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். பாதியைப் பூட்டி வையுங்கள். முதல் தொகுதி பழுதானால் இரண்டாவது தொகுதிக்கு அதுதான் முதல். வட்டிக்கோ, நகையை அடகு வைத்தோ இதைத் தொடங்கவே கூடாது. உங்கள் பகுதி கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்துப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

சிறிய தொழில் என்பதற்காகக் கணக்குக் கொப்பியைச் சிறிதாக்காதீர்கள். நாளாந்தம் பறித்தது, விற்றது, வீட்டில் சமைத்தது மூன்றையும் எழுதுங்கள். பை கூட்டுவதா நிறுத்துவதா என்பதை இரண்டரை மாதத்தின் முடிவில் அந்தக் கொப்பியே உங்களுக்குச் சொல்லிவிடும்.