பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும்போது...

சந்தையில் சரக்கு ஏற்றித் திரும்பும் வழியில் வண்டி நின்றுவிட்டால் வணிகருக்கு உண்டாகும் பதற்றம் சொல்லி மாளாது. அந்த அவசரத்தில்தான் கையில் கிடைத்த கயிற்றைக் கட்டி, எதிர்ப்பட்ட லாரியில் மாட்டிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடை வேனையும் இப்படித்தான் மூட்டை கட்டும் கயிற்றால் பிணைத்தேன். ஸ்டியரிங்கில் கடைப் பையனை உட்கார வைத்தேன். என்ஜின்தான் ஓடவில்லையே என்று அவன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முதல் வளைவில் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது. வேன் பள்ளத்தில் இறங்கியது. பையனின் கை முறிந்தது. எண்ணெய் டின்கள் போனது பெரிதல்ல. அவன் தாயாருக்குப் பதில் சொல்ல நேர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

வணிக அன்பர்கள் கவனிக்க வேண்டியவை:

முதலில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுங்கள். இழுபடும் வண்டியில் உரிமம் பெற்ற ஓட்டுநரே அமர வேண்டும். சாவி அதிலேயே திருப்பிய நிலையில் இருக்கட்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். என்ஜின் ஓடாதபோது பிரேக் மிதி கடினமாகிவிடும். பலமாக அழுத்த வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். பிரேக்கோ ஸ்டியரிங்கோ பழுதென்றால் கயிறு கட்டி இழுக்கவே கூடாது.

கயிற்றை பம்பரில் கட்டாமல், அதற்கென உள்ள கொக்கியில் மாட்டுங்கள். நடுவே சிவப்புத் துணி கட்டுங்கள். இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மிகக் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள் வகுத்தன. 2017இல் புதிய விதிமுறைகள் வந்துவிட்டபோதிலும், இந்த நிதானம் என்றும் நன்மையே தரும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை, என்ஜின் விசையால் சுழலும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் கியர்பெட்டி கெடும். அதை மேடை லாரியில் ஏற்றுவதே முறை. ஏற்றிய பின் கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நான்கு சக்கரங்களையும் பட்டையால் இறுக்க வேண்டும். சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, பட்டை தளர்ந்துள்ளதா என்று பாருங்கள். மேலே உள்ள வண்டிக்குள் ஒருவரும் அமரக் கூடாது.

தேசிய நெடுஞ்சாலையானால் 1033 எண்ணை அழைத்து உதவி கேட்கலாம்.

மீட்பு வண்டியின் வாடகையைச் செலவு என்று எண்ண வேண்டாம். ஒரு நாள் கடை தாமதமாகத் திறந்தால் மறுநாள் ஈடுகட்டிக்கொள்ளலாம். நம்மை நம்பி வந்த பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் எதைக் கொண்டு ஈடுகட்டுவோம்?