இ.ஜி.ஆர் வால்வு: உங்க டீசல் வண்டியில் எங்கே இருக்கு? அதை ஏன் அடைக்கக் கூடாது?

ஜொகூர், ரெங்கம் பக்கம் செம்பனைத் தோட்டப் பாதைகளில் டீசல் பிக்கப் ஓட்டுறீங்களா? கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, மறுபடி கிளப்பி, மெதுவாகவே ஓடும் வண்டி அது. ஒருநாள் இழுவை குறையும், கரும்புகை வரும், எஞ்சின் விளக்கு எரியும். "இ.ஜி.ஆரை அடைச்சிடு, தொல்லை விட்டுது" என்று யாராவது சொல்வார்கள். அதற்குமுன் இதைப் படியுங்கள்.

இது என்ன செய்கிறது?

எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியை இ.ஜி.ஆர் வால்வு மறுபடி எஞ்சினுக்குள் விடுகிறது. அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு. அதனால் எரியும் வெப்பம் தணிகிறது.

வெப்பம் ஏன் தணியணும்? காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். சாதாரணமாக அது சும்மா இருக்கும். கடும் வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து, நுரையீரலைப் பாதிக்கும் நைட்ரஜன் ஆக்சைடாக மாறும்.

மலேசியாவில் 2021 ஏப்ரல் முதல் கந்தகம் குறைந்த ஈரோ 5 டீசல்தான் விற்பனையாகிறது. ஆனால், இந்த வாயுவுக்கான நைட்ரஜன் டீசலிலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்தே வருகிறது. எனவே நல்ல டீசல் மட்டும் போதாது.

எங்கே தேடுவது?

எஞ்சின் ஆறிய பிறகு போனட்டைத் திறங்கள். புகை வெளியேறும் பக்கத்தையும் காற்று நுழையும் பக்கத்தையும் இணைக்கும் உலோகக் குழாயைத் தேடுங்கள். அந்த வழியில், ஒயர் அல்லது மெல்லிய வேக்குவம் குழாய் செருகிய உலோகப் பாகம்தான் வால்வு. டீசல் வண்டிகளில் பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு கூலரும் இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். சில பெட்ரோல் கார்களில் இது தனியாக இருக்காது.

ஏன் அடைபடுகிறது?

புகைக்கரியும் எஞ்சின் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார் போல ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடாவதற்குள் முடியும் குட்டிப் பயணங்களில் இது அதிகம். வால்வு திறந்தபடி சிக்கினால் கரும்புகை, நடுக்கம், இழுவைக் குறைவு. மூடியபடி சிக்கினால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். ஸ்கேனரில் பி0401 என்று வந்தால், புகை போதுமான அளவு திரும்பவில்லை என்று பொருள்.

என்ன செய்யலாம்?

பட்டறையில் முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பல நேரம் கழற்றிச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் போட்டாலே போதும். முடிந்தபோது நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓட்டுங்கள், கரி சேர்வது குறையும்.

அடைத்தால் என்ன?

கரும்புகை குறையலாம், வண்டியும் நல்லா இழுக்கலாம். அதுதான் ஏமாற்றம். கூடுவது கண்ணுக்குத் தெரியாத வாயு. 2015இல் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் மோசடியும் இதே வாயு பற்றியதுதான். சோதனையில் மட்டும் குறைத்துக் காட்டும் மென்பொருள் உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் இருந்தது.

தோட்டத்து வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பும்போது அந்தக் காற்றை முதலில் சுவாசிப்பது உங்க வீட்டுப் பிள்ளைகள்தான். அடைக்காதீங்க, சுத்தம் செய்யுங்க.