வலித்தால் மூலம்தானா?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று பொத்துவில் வரை போகும் கரையோர வீதியில் எந்தப் பாமசியிலும் இப்படி ஒருவரைக் காணலாம். கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார். பிறகு குரலைத் தணித்து, “மூலத்துக்கு ஒரு களிம்பு” என்பார். களிம்பு கைமாறும். எங்கே வலி, எப்போது வலி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வந்தவர் அடுத்த பாமசிக்குப் போய்விடுவார். கேட்கப்படாமல் போகும் அந்தக் கேள்வியில்தான் விசயம் இருக்கிறது. ஆசனவாயில் கடும் வலி என்றால் அது பெரும்பாலும் நம்மவர் நினைக்கும் மூலமாக இருப்பதில்லை. வலி எப்படித் தொடங்கியது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே என்ன வருத்தம் என்று சொல்லிவிடும். அதைக் கேளாமல் பூசும் மருந்து குருட்டு மருந்து.

மூலம் புதிதாக முளைக்கும் சதை அல்ல. ஆசனவாயின் உட்பக்கத்தில் இரத்த நாளங்களாலான மூன்று திண்டுகள் எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு. காற்றும் மலமும் கசியாமல் அடைத்துக்கொள்வது அவற்றின் வேலை. இதை 1975இல் தொம்சன் என்ற அறுவை வைத்தியர் விளக்கி எழுதினார். முக்கி முக்கி மலம் கழிப்பதாலும், வயதாலும், கர்ப்பத்தின் பாரத்தாலும் அவற்றைப் பிடித்து நிறுத்தும் இழைகள் தளர்கின்றன. திண்டுகள் வீங்கிக் கீழே சரிகின்றன. அதுதான் மூலம். ஆசனக் குழாயின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. அதற்கு மேலுள்ள சவ்வு வெட்டினாலும் பெரிதாக வலியை உணராது. கீழுள்ள தோலோ சிறு கீறலையும் பொறுக்காது. உள்மூலம் கோட்டுக்கு மேலே இருப்பது. ஆகவே அது சிவப்பு இரத்தத்தைச் சொட்டும், வெளியே வந்து உள்ளே போகும், அரிக்கும். ஆனால் வலிப்பது அரிது. வெளியே தள்ளி, திரும்ப உள்ளே போக முடியாமல் நெரிபட்டால் மட்டுமே அது ஆளைத் துடிக்கவைக்கும்.

அப்படியானால் வலிப்பது எது? அநேகமாக மூன்றில் ஒன்று. முதலாவது, கோட்டுக்குக் கீழே வரும் வெளிமூலத்தில் இரத்தம் கட்டிப்போவது. நேற்றுவரை ஒன்றுமில்லாத இடத்தில் இன்று கருநீலமாக ஒரு கட்டி, தொட்டால் கெட்டியாகத் தட்டுப்படும். இரண்டு மூன்று நாளைக்குக் குந்தவும் முடியாது, படுக்கவும் முடியாது. பிறகு வலி தானாக இறங்கத் தொடங்கும். முதல் 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியர் பார்த்தால், அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து கட்டியை எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு பொறுத்திருப்பதே மேல். அதை விரலால் உள்ளே தள்ளப் பார்ப்பது வீண். அது உள்ளிருந்து வந்ததே அல்ல. இரண்டாவது, வெடிப்பு. இறுகிய மலம் கிழித்த காயம். மலம் இறங்கும்போது கண்ணாடித் துண்டால் கீறுவதுபோல வலிக்கும், பிறகு மணிக்கணக்கில் எரியும். வலிக்குப் பயந்து அடக்குவார்கள், அடக்கிய மலம் இன்னும் இறுகும், காயம் மறுபடி கிழியும். இதற்கு வேண்டியது மூலக் களிம்பு அல்ல. உள்ளே இறுகிப்போன தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் அல்லது நைட்ரோகிளிசரின் பூச்சு; அதுவும் வைத்தியர் எழுதித் தந்து. மூன்றாவது, சீழ்க்கட்டி. மலம் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் விண்விண்ணென்று வலி, காய்ச்சல், ஒரு பக்கம் வீக்கம். இதற்குக் களிம்பும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. அன்றைக்கே கீறிச் சீழை எடுக்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர் இதை ஓர் இரவு தள்ளிப்போடுவதும் ஆபத்து.

பெயரில் என்ன இருக்கிறது, எல்லாவற்றுக்கும் காரத்தையும் சூட்டுச் சாப்பாட்டையும் விட்டால் சரிதானே என்பார்கள். மிளகாய்த்தூள் இல்லாமல் மீன்கறி இறங்காத நம் கரையில் இது சிறிய தியாகம் அல்ல. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் மூலம் உள்ளவர்களுக்கு மிளகாயையும், பிறகு வெறும் மாத்திரையையும் மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. வருத்தத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இந்தியாவில் நாக்பூரில் இதேபோல வெடிப்பு உள்ளவர்களிடம் செய்த ஆய்வு 2008இல் வந்தது. அங்கே மிளகாய் வலியையும் எரிவையும் கூட்டியது. ஒரே மிளகாய் ஒருவருக்கு ஒன்றும் செய்யவில்லை, மற்றவரை வதைக்கிறது. என்ன வருத்தம் என்று தெரியாமல் பத்தியம் சொல்வதில் பொருளில்லை.

இதைவிடப் பலமான மறுப்பு ஒன்று உண்டு: பரியாரியின் மருந்தில் எத்தனையோ பேர் சுகமாகவில்லையா? ஆகியிருப்பார்கள். இரத்தம் கட்டிய வெளிமூலம் ஒன்றிரண்டு வாரத்தில் எந்த மருந்தும் இல்லாமலே அடங்கிவிடும். அந்த நாட்களில் எதைத் தின்றாலும் பேர் அதற்குத்தான் போகும். நாட்டு வைத்தியம் முழுவதையும் இதனால் ஒதுக்கிவிடவும் முடியாது. பவுத்திரம் என்னும், ஆசனவாயருகே சீழ் வடியும் துளைக்குக் கள்ளிப்பாலும் மஞ்சளும் ஏற்றிய காரநூல் கட்டும் முறையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991இல் வெளியிட்ட, பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டது. நூல் கட்டியவர்களுக்குக் காயம் ஆற அதிக நாள் எடுத்தது, ஆனால் நோய் திரும்ப வந்தது குறைவு. கவனிக்க வேண்டியது, அது பவுத்திரம் என்று பார்த்து உறுதிசெய்த பிறகு கட்டிய நூல் என்பதை. பாராமலே ஊசி போடுகிறவரும், சுட்டுப்போடும் மருந்து வைக்கிறவரும் வேறு வகை. அந்தப் புண் ஆறும்போது ஆசனவாயே சுருங்கிப்போகக் கூடும்.

வெட்கத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுவது அநியாயம். முக்கியமாகப் பெண்களுக்கு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிள்ளை பெற்ற வாரங்களிலும்தான் மூலமும் வெடிப்பும் அதிகம். அந்த நாட்களில்தான் பழமும் தண்ணீரும் குளிர்ச்சி என்று விலக்கிப் பத்தியம் கொடுக்கிறோம். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் பெண்; அவரிடம் முதலில் சொல்லலாம். வைத்தியத் தேவைக்காக மறைவிடத்தை வேண்டிய அளவு காட்டுவதை இஸ்லாமியச் சட்டமும் அனுமதிக்கிறது. பெண் வைத்தியரைக் கேட்பதிலும் தவறில்லை. பரிசோதனை சில நிமிட வேலை; கடுமையான வெடிப்பென்றால் விரல்கூட வைக்க மாட்டார்கள், மெல்ல விலக்கிப் பார்ப்பார்கள்.

வைத்தியரிடம் போகும்வரை வீட்டில் செய்யக்கூடியது எளிது. இடுப்பளவு அமரும் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 10, 15 நிமிடம் இருப்பது, பரசிற்றமோல், துணியில் சுற்றிய ஐஸ். கிருமிநாசினி ஊற்ற வேண்டாம், எரியும். ஸ்டெரொய்ட் கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் பூசினால் தோல் மெலியும். மலத்தை இளக்குவதுதான் அடிப்படை. நார்ச்சத்து பற்றிய 7 சோதனைகளை, 378 பேரை, சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு, நார்ச்சத்து இரத்தப்போக்கைப் பாதியாகக் குறைத்ததாகச் சொல்கிறது. வலியில் அவ்வளவு தெளிவான பலன் இல்லை. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் 1 கிராம் நார்கூட இல்லை. ஒரு கோப்பை அவித்த பயற்றில் சுமார் 15 கிராம் உண்டு. ஒரு நாளைய தேவையில் ஏறக்குறைய பாதி. தேங்காய்ப்பூவும் கட்டசம்பலும் வைத்துக் காலையில் தின்னும் அதே பயறுதான். நோன்பு மாதத்தில் அதை ஸஹருக்கு வைத்துக்கொள்ளலாம், நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்கலாம், உள்ளே வைக்கும் மருந்தை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். கழிப்பறைக்குள் கைபேசியைக் கொண்டுபோகாமலிருப்பது எல்லா மாதத்துக்கும்.

வலி இல்லாமல் இரத்தம் மட்டும் போனால் அது மூலம்தான் என்று ஆறுதல் கொள்ளவும் கூடாது. பெருங்குடல் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கலாம். மலம் போகும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தால், உடல் மெலிந்தால், இரத்தம் கறுத்தோ மலத்தோடு கலந்தோ வந்தால், 50ஐ நெருங்கும் வயதில் முதல்முறையாக இரத்தம் கண்டால், குடும்பத்தில் யாருக்காவது அந்தப் புற்றுநோய் இருந்தால் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். கோமாரிக்காரருக்குப் பொத்துவில், திருக்கோவில் ஆதார வைத்தியசாலைகள் முதல் படி. அங்கிருந்து அக்கரைப்பற்றுக்கோ கல்முனை வடக்கு, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைகளுக்கோ அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை.

வெட்டுவார்கள் என்ற பயம் பலரைப் பாமசியோடு நிறுத்திவிடுகிறது. மில்லிகனும் மோர்கனும் 1937இல் விவரித்த வெட்டு இன்றும் உண்டு, அது வலிக்கவும் செய்யும். ஆனால் அது முற்றிய மூலத்துக்கு. பெரும்பாலோருக்கு உணவு மாற்றம் போதும்; போதாதவர்களில் பலருக்கு 1963இல் பரன் பரவலாக்கிய றப்பர் வளையம் போதும். திண்டின் அடியில் வளையத்தை மாட்டிவிட்டால் இரத்த ஓட்டம் நின்று சில நாட்களில் அது தானாக உதிரும். வளையம் கோட்டுக்கு மேலே விழுவதால் ஒருவித கனம் தெரியுமே ஒழிய வலி பெரிதாக இராது. தவறிக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் நோயாளி அந்த நிமிடமே கத்திவிடுவார். உடனே கழற்றி, சற்று மேலே ஏற்றி மாட்டுவார்கள்.